‘வேண்டாம்’ என்றால் கூடாதா, தேவையில்லையா?

சென்ற ஆண்டு எங்கள் தெருவிலுள்ள பட்டதாரிப் பெண் ஒருத்தி, ஒரு வேலைக்கு அனுப்பிய விண்ணப்பம் தள்ளுபடியான செய்தியுடன் என்னிடம் வந்தாள். தள்ளுபடிக்குக் காரணம், ஒரே பதவிக்கு அவள் இரண்டு விண்ணப்பங்கள் அனுப்பியிருந்தது. முதல் விண்ணப்பத்தை இணையத்தில் அனுப்பியபோது மின்சாரம் போய்விட்டது. அது போய்ச் சேர்ந்ததோ இல்லையோ என்ற பயத்தில் இரண்டாவது முறையும் அனுப்பியிருக்கிறாள். விளம்பரத்தின் தமிழ்ப் பகுதியை எடுத்துப் பார்த்தேன். ‘ஒன்றுக்கு மேற்பட்ட விண்ணப்பங்களை அனுப்ப வேண்டாம்’ என்றிருந்தது. “வேண்டாம்னா, அனுப்பணும்னு அவசியமில்லைன்னுதான சார் அர்த்தம்? அனுப்பினா தள்ளிருவோம்னு போடலையே” என்றாள். பிறகு ஆங்கிலப் பகுதியைப் பார்த்தேன். அங்கே ‘மஸ்ட் நாட்’ என்று ஐயத்திற்கு இடமில்லாமல் இருந்தது.

மொழிபெயர்த்தவர் தவறு செய்தார் என்று சொல்லிவிட்டுக் கடந்துவிட முடியவில்லை. தமிழில் ‘அங்கே போக வேண்டாம்’ என்று சொன்னால் அது தடையாகவும் இருக்கலாம். போகாவிட்டாலும் பரவாயில்லை என்ற சலுகையாகவும் இருக்கலாம். ஆற்றில் வெள்ளம் வரும்போது தாய் பிள்ளையிடம் சொல்லும் ‘வேண்டாம்’ தடை. பந்தியில் இரண்டாம் முறை சாம்பார் ஊற்ற வருபவரிடம் சொல்லும் ‘வேண்டாம்’ வெறும் விருப்பமின்மை. ‘நீங்க எதுக்கு வெயில்ல வரணும், வர வேண்டாம்’ என்று பெரியவரிடம் தொலைபேசியில் சொல்வது கடமையிலிருந்து விடுவிப்பது. குரலும் முகமும் சூழலும் சேர்ந்து பொருளைத் தெளிவாக்கிவிடுவதால் பேச்சில் நமக்கு இடர்ப்பாடு வருவதில்லை. அச்சிட்ட அறிவிப்புக்குக் குரல் இல்லை.

ஆங்கிலத்தில் இந்த இடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ‘மஸ்ட்’ என்பதும் ‘ஹேவ் டு’ என்பதும் உடன்பாட்டில் ஏறத்தாழ ஒரே பொருளைத் தருபவை: இரண்டும் ‘செய்தாக வேண்டும்’. எதிர்மறையாக்கினால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போய்விடுகின்றன. ‘யூ மஸ்ட் நாட் கோ’ என்றால் போகக் கூடாது. ‘யூ டோன்ட் ஹேவ் டு கோ’ என்றால் போக வேண்டிய கட்டாயம் இல்லை, போனாலும் தவறில்லை. எதிர்மறை எதைத் தொடுகிறது என்பதில்தான் வேறுபாடு. முதலாவதில் ‘இல்லை’ என்பது செயலைத் தொடுகிறது: போகாமல் இருப்பது கடமை. இரண்டாவதில் அது கடமையையே தொட்டு நீக்குகிறது. ‘நீட் நாட்’ என்பதும் இந்த இரண்டாவது வகையே. இந்திய அலுவலகங்களின் ஆங்கிலத்தில் அதுவே இன்றும் அதிகம். அமெரிக்கர்கள் ‘டோன்ட் நீட் டு’ அல்லது ‘டோன்ட் ஹேவ் டு’ என்பார்கள்.

இந்த வேறுபாட்டை நான் இலக்கண நூலிலிருந்து கற்கவில்லை. பணியில் சேர்ந்த புதிதில், எங்கள் துறை நடத்திய இரண்டு நாள் கருத்தரங்கிற்கு வடநாட்டிலிருந்து ஒரு மூத்த பேராசிரியரை அழைத்திருந்தோம். அவருடைய உரை இரண்டாம் நாள். முதல் நாள் குத்துவிளக்கும் வாழ்த்துரைகளும்தான். வயதானவர் அதற்காக ஒரு நாள் முன்னதாகவே ரயிலேறிச் சிரமப்பட வேண்டாமே என்ற அக்கறையில், ‘முதல் நாள் நீங்கள் வர வேண்டாம்’ என்பதை அப்படியே மனத்தில் வைத்துக்கொண்டு, ‘யூ மஸ்ட் நாட் கம் ஆன் த ஃபர்ஸ்ட் டே’ என்று கடிதம் எழுதினேன். அவர் முதல் நாளும் வரவில்லை, இரண்டாம் நாளும் வரவில்லை. வரக் கூடாது என்று சொல்லப்பட்ட இடத்திற்கு வருவது தமக்கு வழக்கமில்லை என்று இரண்டு வரியில் அஞ்சலட்டை வந்தது. அரங்கு நிறைய மாணவர்களை வைத்துக்கொண்டு நானே மேடையேறி ஒரு மணி நேரம் ஏதோ பேசினேன். பொருளியலில் முனைவர் பட்டம் பெற்றவனுக்கு ஆங்கிலத் துணைவினை ஒன்று கற்பித்த பாடம் அது.

தமிழுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லத் தெரியாது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ‘கூடாது’, ‘ஆகாது’ ஆகியவை தெளிவான தடைகள். ‘வேண்டியதில்லை’, ‘தேவையில்லை’, ‘அவசியமில்லை’ ஆகியவை கட்டாயமின்மையைத் தெளிவாகச் சொல்பவை. இவ்விரு கரைகளுக்கும் நடுவே இரு பக்கமும் சாய்ந்து ஓடுவது ‘வேண்டாம்’ ஒன்றுதான். பழைய இலக்கியத்தில் அதன் வடிவம் ‘வேண்டா’. திருக்குறளில் கூடாவொழுக்கம் அதிகாரத்தின் கடைசிக் குறளை நினைத்துப் பார்க்கலாம். உலகம் பழிப்பதை விட்டுவிட்டவனுக்குத் தலையை மழிப்பதோ சடை வளர்ப்பதோ வேண்டா என்பது அதன் கருத்து. மழிக்கக் கூடாது என்று வள்ளுவர் தடை விதிக்கவில்லை. மழிக்க வேண்டிய தேவை இல்லை என்றே சொல்கிறார். அதைத் தடையாக ஒருவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தால் துறவிகள் பாடு திண்டாட்டமாகிவிடும்.

‘வேண்டாம்’ என்பதற்கு இன்னொரு இயல்பும் உண்டு: அதற்குக் காலம் இல்லை. எங்கள் மாவட்டத்தின் தென்கோடியில், பனங்காட்டு நடுவே உள்ள இடையன்குடியில் 1841 முதல் வாழ்ந்த ராபர்ட் கால்டுவெல் இந்த இயல்பைக் கூர்ந்து கவனித்தவர். 1856-இல் வெளிவந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், திராவிட வினைகளின் எதிர்மறையைத் தனியாக எடுத்து ஆராய்கிறது. ஆங்கிலத்தில் ‘நாட்’ என்ற தனிச்சொல் வெளியிலிருந்து வந்து வினையை மறுக்கிறது. தமிழில் ‘செய்யேன்’, ‘வாரான்’ என்னும்போது மறுப்பு வினைக்குள்ளேயே புதைந்திருக்கிறது. அப்படிப் புதையும்போது காலம் காட்டும் உறுப்பு காணாமற்போகிறது. ‘செய்தேன்’, ‘செய்கிறேன்’, ‘செய்வேன்’ என்று மூன்றாக நின்றது, மறுப்பில் ‘செய்யேன்’ என்று ஒன்றாகிவிடுகிறது. ‘வேண்டா’வும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ‘நேற்று வேண்டாம்’ என்று யாரும் சொல்வதில்லை.

ஆங்கிலத்திலும் இதே ஊனம் உண்டு என்பது வியப்பு. ‘மஸ்ட்’ என்பதற்கு இறந்தகால வடிவம் கிடையாது. துணைவினையாக வரும் ‘நீட்’ என்பதற்கும் கிடையாது. (‘மஸ்ட்’ என்பதே பழைய ஆங்கிலத்தில் வேறொரு வினையின் இறந்தகால வடிவமாக இருந்தது. கடந்தகாலத்திலிருந்து வந்த சொல்லுக்குக் கடந்தகாலம் இல்லாமற்போனது வேடிக்கைதான்.) ஆகவே இறந்தகாலக் கடமைக்கு ‘ஹேட் டு’ என்பதைக் கடன் வாங்குகிறார்கள். இறந்தகாலக் கடமையின்மைக்கு வரும்போது ஒன்றுக்கு இரண்டு வடிவங்கள் நிற்கின்றன: ‘டிடின்ட் நீட் டு’ அல்லது ‘டிடின்ட் ஹேவ் டு’ என்பது ஒன்று, ‘நீடின்ட் ஹேவ்’ என்பது மற்றொன்று. தேர்வுத்தாள்களில் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. பயிற்சி நூல்கள் இரண்டையும் ஒன்றுபோலவே மொழிபெயர்த்துவிடுவதும் அதற்கு ஒரு காரணம்.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு விவசாயிகளை எடுத்துக்கொள்வோம். கார் பருவத்து நாற்று வாடுகிறது. மேற்கே மழை உண்டு, ஆனால் பாபநாசம் அணையிலிருந்து எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று தெரியவில்லை. முதல் விவசாயி டீசல் என்ஜினை வாடகைக்குப் பேசப் புறப்படுகிறார். வழியிலேயே கால்வாயில் தண்ணீர் வருகிற செய்தி கிடைக்கிறது. திரும்பிவிடுகிறார். அவர் ‘ஐ டிடின்ட் நீட் டு ஹயர் அன் என்ஜின்’ என்பார். தேவை இல்லை, ஆகவே செய்யவும் இல்லை. இரண்டாமவர் முதல் நாளே என்ஜினை வாடகைக்கு எடுத்து, டீசலும் ஊற்றி, இரவெல்லாம் விழித்திருந்து தண்ணீர் இறைத்துவிட்டார். விடிந்தால் மடையில் தண்ணீர் சலசலக்கிறது. அவர் ‘ஐ நீடின்ட் ஹேவ் ஹயர்ட் அன் என்ஜின்’ என்பார். தேவை இருக்கவில்லை, ஆனால் செய்து முடித்தாயிற்று.

பொருளியல் படித்தவனுக்கு இதில் இலக்கணத்தைவிடக் கணக்கு முதலில் தெரிகிறது. முதலாமவருக்கு அது மிச்சம். இரண்டாமவருக்கு அது நாங்கள் ‘சங்க் காஸ்ட்’ என்று வகுப்பில் சொல்லும் செலவு, அதாவது இனி எதைச் செய்தாலும் மீட்டெடுக்க முடியாத செலவு. ‘நீடின்ட் ஹேவ்’ என்ற இரண்டு சொற்களுக்குள் செயல் நடந்துவிட்டது, அது தேவையற்றது, அந்தத் தேவையின்மை பிற்பாடுதான் தெரிந்தது என்ற மூன்று செய்திகளை ஆங்கிலம் அடைத்து வைத்திருக்கிறது. ‘டிடின்ட் நீட் டு’ அவ்வளவு உறுதியாகப் பேசுவதில்லை. பெரும்பாலும் செயல் நடக்கவில்லை என்ற பொருளே தொனிக்கும். ஆனால் தேவையில்லாமலும் ஒருவர் செய்திருக்கலாம் என்ற கதவை அது முழுதாகச் சாத்துவதில்லை. ‘வாடகைக்கு எடுக்கத் தேவையில்லைதான், இருந்தாலும் எடுத்தேன்’ என்று அதே வடிவத்தைத் தொடர்ந்து சொல்ல முடியும்.

தமிழ் மாணவர்கள் இதற்காக அஞ்சத் தேவையில்லை என்று நான் எப்போதும் சொல்வதுண்டு. தாய்மொழியிலேயே விடை இருக்கிறது. ‘வாடகைக்கு எடுக்க வேண்டி வரவில்லை’, ‘எடுக்கத் தேவைப்படவில்லை’ ஆகியவை முதலாமவரின் வாக்கியங்கள். ‘வாடகைக்கு எடுத்திருக்க வேண்டியதில்லை’ என்பது இரண்டாமவருடையது. பின்னதை உடைத்துப் பாருங்கள். ‘எடுத்து’ என்பதோடு ‘இருக்க’ சேர்கிறது. ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ என்பதோடு ‘ஹயர்ட்’ சேர்கிறது. ‘வேண்டியதில்லை’ என்பதே ‘நீடின்ட்’. வரிசை மட்டும் தலைகீழ். உறுப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. ஒன்றோடொன்று உறவில்லாத இரண்டு மொழிக்குடும்பங்கள் ஒரே முடிச்சை ஏறத்தாழ ஒரே மாதிரி அவிழ்த்திருக்கின்றன. இந்த ஒரு பொருத்தத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் பத்துப் பயிற்சிகள் மிச்சமாகும்.

தவறுகள் சிலவற்றையும் இங்கே சொல்லிவிடலாம். ‘நீங்கள் வந்திருக்க வேண்டியதில்லை’ என்பதற்கு ‘யூ மஸ்ட் நாட் ஹேவ் கம்’ என்று எழுதுகிறார்கள். அதன் பொருள் ‘நீங்கள் வந்திருக்க மாட்டீர்கள் போலும்’ என்பது, அது ஊகம். ‘யூ ஷுட் நாட் ஹேவ் கம்’ என்றால் வந்தது தவறு என்ற கண்டனம் ஏறிவிடும் (பரிசு வாங்கும்போது சொல்லப்படும் உபசாரத்தை இதில் சேர்க்க வேண்டியதில்லை). ‘ஹீ நீட்ஸ் நாட் கோ’, ‘ஹீ நீட் நாட் டு கோ’ என்பவை நம் ஊர் விண்ணப்பங்களில் நாள்தோறும் காணப்படுபவை. துணைவினையாக நிற்கும்போது ‘நீட்’ என்பதற்கு ‘எஸ்’ கிடையாது, பின்னால் ‘டு’ கிடையாது.

கடமையின்மை என்பது இலக்கணப் பாடத்தோடு முடியும் செய்தி அன்று; குடிமகனின் உரிமைகளில் பாதி அந்த வடிவத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவில் தடையும் கட்டாயமின்மையும் அடுத்தடுத்து வருகின்றன. முழுவதும் அரசு நிதியால் நடக்கும் கல்வி நிலையத்தில் சமயப் போதனை அளிக்கக் கூடாது என்று முதல் உட்பிரிவு சொல்கிறது, அது தடை. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிலையத்தில் படிக்கும் ஒருவர், தம் இசைவின்றி, சிறார் எனில் காப்பாளரின் இசைவின்றி, சமயப் போதனையில் கலந்துகொள்ள வேண்டியதில்லை என்று மூன்றாம் உட்பிரிவு சொல்கிறது, அது கட்டாயமின்மை. விரும்புகிறவர் கலந்துகொள்வதை அது தடுக்கவில்லை. பாளையங்கோட்டையின் பழமையான மிஷன் பள்ளிகளில் பல சமயப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து படித்த ஊரைச் சேர்ந்தவர்களுக்கு, இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் படிப்பது எவ்வளவு முக்கியம் என்று விளக்கத் தேவையில்லை.

‘நீடின்ட் ஹேவ்’ என்பதற்கு நாடு தழுவிய எடுத்துக்காட்டு ஒன்றும் நம்மிடம் உண்டு. வங்கிக் கணக்கோடும் கைப்பேசி எண்ணோடும் ஆதாரை இணைத்தாக வேண்டும் என்று 2017-இலும் 2018-இன் தொடக்கத்திலும் நாள்தோறும் குறுஞ்செய்திகள் வந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஓய்வூதியர்கள் வங்கி வாசலில் வரிசையில் நின்றார்கள். ரேகை தேய்ந்துபோன விரல்களைத் துடைத்துத் துடைத்துக் கருவியில் வைத்தார்கள். 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பில் ஆதார் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. வருமான வரிக்கான பான் எண்ணோடு இணைப்பதும் அரசின் மானியங்களுக்குக் கேட்பதும் செல்லும் என்றது. ஆனால் வங்கிக் கணக்குக்கும் கைப்பேசி இணைப்புக்கும் அதைக் கட்டாயமாக்கியது செல்லாது என்றது.

அப்படியானால் வரிசையில் நின்றவர்களின் வாக்கியம் எது? இணைத்தபோது கட்டாயம் இருந்தது. ஆகவே ‘ஹேட் டு’. அந்தக் கட்டாயமே செல்லாது என்று ஆன பிறகு, ‘இணைத்திருக்க வேண்டியதில்லை’. ஆகவே ‘நீடின்ட் ஹேவ்’. தீர்ப்புக்குப் பிறகு கணக்குத் தொடங்கி, ஆதார் கொடுக்காமல் வேறு சான்று கொடுத்தவரின் வாக்கியமோ ‘டிடின்ட் ஹேவ் டு’. அடுத்த ஆண்டு சட்டத்தைத் திருத்தி, தாமாக முன்வந்து கொடுப்பவரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆக்கினார்கள். ‘கொடுக்கலாம், கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை’ என்ற அந்த நிலையை எத்தனை வங்கிக் கிளைகளின் அறிவிப்புப் பலகைகள் மக்களுக்குப் புரியும் தமிழில் எழுதி வைத்தன? நான் போய் நின்ற கிளையில் ‘ஆதார் நகல் கொண்டு வரவும்’ என்று மட்டும் ஒட்டியிருந்தது. கட்டாயமின்மையை எழுதாமல் விட்டுவிட்டால், படிப்பவர் அதைக் கட்டாயமாகவே எடுத்துக்கொள்வார் என்பது எழுதுகிறவருக்குத் தெரியாததல்ல.

அரசு விளம்பரங்களையும் தேர்வு அறிவிப்புகளையும் மொழிபெயர்ப்பவர்களுக்கு என் வேண்டுகோள் மிகச் சிறியது. ‘மஸ்ட் நாட்’, ‘ஷால் நாட்’ என்று வரும் இடங்களில் ‘கூடாது’ என்றே எழுதுங்கள். அது கடுமையாக ஒலிக்கிறதே என்ற தயக்கத்தில் ‘வேண்டாம்’ என்று மென்மையாக்காதீர்கள். அந்த மென்மைக்கு விலை கொடுப்பவர் விண்ணப்பதாரர். ‘நீட் நாட்’ என்று வரும் இடத்தில் ‘வேண்டியதில்லை’ அல்லது ‘கட்டாயமில்லை’ போதும். ‘வேண்டாம்’ என்ற சொல்லை வீட்டுக்கும் பந்திக்கும் விட்டுவிடலாம். எங்கள் ஊரில் ‘வேண்டாம்லே’ என்று ஓங்கிச் சொன்னால் அது தடை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்; அந்த ‘லே’யை அரசாணையில் அச்சிட முடியாது.

அந்தப் பெண்ணுக்காக மேல்முறையீட்டுக் கடிதம் ஒன்றை இருவரும் உட்கார்ந்து எழுதினோம். ‘இரண்டாவது விண்ணப்பத்தை அனுப்பியிருக்கக் கூடாது’ என்று தொடங்கலாமா என்று கேட்டாள். அது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும் என்றேன். ‘அனுப்பியிருக்க வேண்டியதில்லை’ என்று எழுதினால், தடையே இல்லை என்று நாம் வாதிடுவதாகப் படும், அதுவும் உண்மையன்று. கடைசியில், தமிழ் அறிவிப்பின் நகலை இணைத்து, ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம் எழுதினோம்: ‘ஐ அண்டர்ஸ்டுட் தட் ஐ நீட் நாட் சென்ட் எ செகண்ட் அப்ளிகேஷன், ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட் தட் ஐ மஸ்ட் நாட்.’ இரண்டாவதாக ஒன்று அனுப்பத் தேவையில்லை என்று புரிந்துகொண்டேன். அனுப்பக் கூடாது என்று புரிந்துகொள்ளவில்லை. பாளையங்கோட்டைத் தலைமை அஞ்சலகத்தில் பதிவுத் தபாலில் சேர்த்து, ரசீதை அவள் பத்திரமாக வைத்திருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.